ஜனவரி இரண்டாம் தேதி யார் வருகிறார்கள்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். மலருக்காகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறேன். பேச்சு வழக்கை முழுவதும் மாற்றவில்லை.)

 

செயலாளர் போன் செய்து, "ஆட்டோமொபைல் தொழிலில் உங்கள் அனுபவம்" என்ற தலைப்பில் பேசச் சொன்னார். அதைப் பேச நம்ம பேட்ச்சிலேயே நாலு பேர் இருக்காங்க சார், எலெக்ட்ரிக் வண்டியைப் பற்றி எனக்கு முன்னால் ஒருவர் பேசப் போகிறார், எனக்கு வேறு ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். "என்ன விஷயம்?" "அரையாண்டுப் பரீட்சை." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பதினைந்து நிமிஷத்துக்கு மேல் போகாதீங்க" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி.

ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து சைக்கிள் தூரத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. பெயர் சொல்லவில்லை, தலைமையாசிரியர் கூச்ச சுபாவம் உள்ளவர். நம் சங்கத்தைச் சேர்ந்த நாங்கள் ஆறேழு பேர் 2022-லிருந்து வருஷா வருஷம் டிசம்பரில் அங்கே போய் வருகிறோம். டிசம்பர் முதல் மூன்று வாரம் ஒரு பள்ளிக்கூடம் எப்படி இருக்கும், விடுமுறை விட்டதும் அங்கே என்ன ஆகிறது என்பதுதான் இன்றைக்கு நான் சொல்ல வந்தது.

அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம் நண்பர்களின் பிள்ளைகள் இதை 'விண்டர் பிரேக்' என்கிறார்கள். காஷ்மீரில் குளிர்கால விடுமுறை என்றால் இரண்டு மாதத்துக்கு மேல் பள்ளியே கிடையாது. நமக்குக் குளிரும் இல்லை, அந்தப் பெயரும் இல்லை. அரையாண்டு லீவு, அவ்வளவுதான். பெரும்பாலும் டிசம்பர் 24 முதல் ஜனவரி 1 வரை, ஒன்பது நாள். 2-ஆம் தேதி பள்ளி திறக்கும். அதற்குப் பத்து நாள் கழித்துப் பொங்கல் வந்துவிடும் என்பதால், இந்த ஒன்பது நாளை யாரும் பெரிதாக நினைப்பதில்லை.

அதற்கு முந்தைய மூன்று வாரம் எப்படி இருக்கும் தெரியுங்களா? பள்ளிக்கூடத்தின் வருஷத்தில் இதைப் போல நெரிசலான காலம் வேறு கிடையாது. வடகிழக்குப் பருவமழை வாத்தியாரைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. நவம்பரில் மழைக்கு விட்ட லீவெல்லாம் டிசம்பரில் வட்டியோடு வசூலாகும். காலையில் எட்டு மணிக்கே ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் இன்னொரு ஸ்பெஷல் கிளாஸ். பிளஸ் டூவுக்கு ஏறக்குறைய முழுப் பாடமும் வருகிற முதல் பரீட்சை அரையாண்டுதான். அதனால் கணக்கு வாத்தியார் பி.டி. பீரியடைக் கேட்பார், வேதியியல் டீச்சர் கணக்கு வாத்தியாரிடம் கேட்பார். ரெக்கார்டு நோட்டு கையெழுத்து வாங்க ஸ்டாஃப் ரூம் வாசலில் வரிசை நிற்கும். நனைந்த ரெக்கார்டு நோட்டை விசிறிக்குக் கீழே விரித்து வைத்திருப்பார்கள்.

இதற்கு நடுவில் கலைத் திருவிழா. 2022-ல் அரசுப் பள்ளிகளுக்காகத் தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகும் போட்டி. நாங்கள் முதல் முறை போனபோது இயற்பியல் வகுப்பறைக்குப் பின்னால் பறை அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். உள்ளே டீச்சர் மின்மாற்றி நடத்துகிறார், வெளியே அடி விழுகிறது. டீச்சர் கோபிக்கவில்லை. "அதுல அடிக்கிறவன் எல்லாம் என் கிளாஸ் பசங்கதான். இந்த ஒரு மாசமா ஒருத்தனும் ஆப்சென்ட் இல்ல" என்றார். அன்றைக்கு அது காதில் விழுந்ததோடு சரி. அதன் முழு அர்த்தம் பிறகுதான் விளங்கியது.

லீவு விஷயத்தில் இந்தப் பள்ளிக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. ஒரகடம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருந்துவிட்டது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கமும் வண்டலூர் பக்கமும் அந்த மாவட்டம். பொழுது விடிந்தால் இரண்டு கலெக்டருடைய அறிவிப்பையும் பார்க்க வேண்டும். பள்ளி உண்டு, ஆனால் பாதி வாத்தியார் வருகிற ஊரில் ரோட்டில் தண்ணீர். இல்லையென்றால் அங்கே லீவு, இங்கே இல்லை. "மழை எல்லைக்கல் பார்த்தா பெய்யுது சார்?" என்று ஒரு பொண்ணு கேட்டாள்.

மழை இந்தப் பகுதிக்கு விளையாட்டும் இல்லை. அடையாறு பிறப்பதே ஆதனூர், மணிமங்கலம் ஏரிகள் பக்கம்தான். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்ததில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். அந்த வருஷம் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டப் பள்ளிகள் வாரக்கணக்கில் மூடியிருந்தன. அரையாண்டுத் தேர்வே அடுத்த ஜனவரிக்குத் தள்ளிப்போனது. 2023-ல் மிக்ஜாம் புயல். 11-ஆம் தேதி தொடங்க வேண்டிய அரையாண்டு 13-க்குப் போனது. அது முடிவதற்குள் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பெருவெள்ளம் வந்து, அங்கே மீதிப் பரீட்சையை ஜனவரியில் வைத்தார்கள். ஆக டிசம்பர் என்றால் பள்ளிக்கூடத்தில் எதுவும் கையில் நிற்காத மாதம். இத்தனை இழுபறியிலும் பிள்ளைகள் நனைந்துகொண்டு வந்து சேருகிறார்கள். சாயங்கால ஸ்பெஷல் கிளாசில் தருகிற சுண்டலுக்காக என்று கிண்டல் செய்வார்கள். சுண்டலும் ஒரு காரணம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

நானும் அந்தப் பக்கத்துப் பிள்ளைதான். பிளஸ் டூ அரையாண்டு லீவில் நாங்கள் செய்ததெல்லாம் ஏரியில் குதித்தது, மாட்டை ஓட்டியது, டென்ட் கொட்டகைக்குப் போனது. அந்த ஒன்பது நாளில் பதினேழு வயசுப் பையனைக் கூப்பிட்டு வேலை கொடுக்க ஊரில் யாரும் இல்லை. நாத்து நட ஆள் வேண்டுமென்றாலும் பெரியவர்களைத்தான் கூப்பிடுவார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-லேயே கார் எடுக்க ஆரம்பித்துவிட்டது என்றாலும், ஒரகடத்துக்கு அந்த அலை வந்தது அதற்கப்புறம். 2010-ல் ரெனோ நிசான், 2012-ல் டைம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு. டயர், கண்ணாடி, சீட், வயரிங் என்று அவற்றைச் சுற்றி எத்தனை கம்பெனிகள்! நாம் எல்லாரும் அதில் பிழைக்கிறோம், நானும்தான். அதைக் குறை சொல்வது என் நோக்கமல்ல.

ஆனால் ஒரு விஷயம் இங்கே இருக்கிற பிளான்ட் ஆட்களுக்குத் தெரியும், பள்ளிக்கூடத்து ஆட்களுக்குத் தெரியாது. மோட்டார் தொழிலில் வருஷ ஷட்டவுன் எப்போது? பெரும்பாலான இடங்களில் டிசம்பர் கடைசி வாரம். லைன் நிற்கும், மெயின்டெனன்ஸ்காரர்களுக்கு மட்டும் தூக்கம் இருக்காது. கன்வேயர் பிரிப்பது, பெயின்ட் ஷாப் சுரண்டுவது, தரைக்கு எபாக்சி அடிப்பது, ரேக்கை இடம் மாற்றுவது. பத்து நாளில் முடிக்க வேண்டிய வேலைக்குக் கான்ட்ராக்டர் எங்கிருந்தோ ஆள் திரட்டுவார். ஸ்டாக் எடுக்கிற குடோன், மரப் பேலட் அடிக்கிற யார்டு, கேட்டரிங் எல்லாவற்றுக்கும் அதே பத்து நாள் ஆள் தட்டுப்பாடு. பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவதும் அதே பத்து நாள். யாரும் திட்டம் போட்டுச் செய்ததல்ல, ரெண்டு காலண்டரும் தானாக அப்படிப் பொருந்திவிட்டது.

பெரிய கம்பெனி கேட்டுக்குள் பதினெட்டு வயசு ஆகாமல் விட மாட்டார்கள். ஆதார் பார்க்கிறார்கள், சரிதான். கேட்டுக்கு வெளியே நடப்பதுதான் விஷயம். பேலட் யார்டில் யார் ஆதார் கேட்பார்கள்? குடோனில் பெட்டி இறக்கவும், கேன்டீனுக்குக் காய் நறுக்கவும் வயசா பார்ப்பார்கள்? ஒரு நாளைக்கு ஐந்நூறு, அறுநூறு. சாயங்காலமே கையில் காசு. ஒன்பது நாள் உழைத்தால் பையன் ஒரு போனோடு வருவான். அதுவரைக்கும் ஒன்றும் தப்பில்லை என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக் கஷ்டம் நமக்குத் தெரியாதா? ஜனவரி 1-ஆம் தேதி கான்ட்ராக்டர் ஒரு வார்த்தை சொல்வார்: "நாளைக்கும் வாடா." அந்த வார்த்தைக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

ஜனவரி 2-ஆம் தேதி பள்ளியில் என்ன காத்திருக்கும்? திருத்திய அரையாண்டு விடைத்தாள். அதில் இருபத்தி மூன்று மார்க். அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்வார்கள். அதற்கடுத்து திருப்புதல் தேர்வு ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு பக்கம் அறுநூறு ரூபாய், இன்னொரு பக்கம் இருபத்தி மூன்று மார்க். பையன் எந்தப் பக்கம் போவான்? நீங்களே சொல்லுங்கள்.

2023 மார்ச் 13-ஆம் தேதி பிளஸ் டூ பொதுத்தேர்வு தொடங்கியது. முதல் நாள் தமிழ்ப் பரீட்சை. பதிவு செய்திருந்தவர்கள் 8 லட்சத்து 51 ஆயிரம் பேருக்கு மேல். வராதவர்கள் 50,674 பேர். பேப்பரில் அது பெரிய செய்தியாக வந்தது. சட்டசபை வரைக்கும் பேசினார்கள். கொரோனா காலத்தில் பத்தாவதில் எல்லோரும் பாஸ் ஆனது ஒரு காரணம் என்றார்கள், இருக்கலாம். ஆனால் பதினேழு வயசுப் பிள்ளைகள் ஐம்பதாயிரம் பேர் மார்ச் 13-ஆம் தேதி காலையிலா காணாமல் போனார்கள்? பேர் நாமினல் ரோலில் இருந்தது, ஆள் எப்போதோ போய்விட்டான். ஒவ்வொருவனுக்கும் கடைசியாகப் பள்ளிக்கு வந்த நாள் என்று ஒன்று இருக்கும் அல்லவா? மாநிலம் முழுவதும் அது எந்த நாள் என்று சொல்ல என்னிடம் கணக்கு கிடையாது. எங்கள் பள்ளியில் அந்த வகுப்பாசிரியர் பதிவேட்டைப் பிரித்துக் காட்டினார். பெரும்பாலானவர்களுக்கு அது டிசம்பர் 23.

ஒரு பையனைத் தேடி வீட்டுக்குப் போனேன். நல்ல உயரம், பறை நன்றாக அடிப்பான். அவன் அம்மா வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கம்மா தம்பி? ரெண்டு வாரமா ஸ்கூலுக்கு வரலியாமே?"

"அவன் கம்பெனிக்குப் போறாம்பா. மாசம் பதினஞ்சாயிரம் வருது."

அந்த 'கம்பெனி' என்ற சொல்லில் இருந்த பெருமையைப் பார்க்கணுமே! நம்ம ஊரில் அது எல்லாவற்றுக்கும் பொதுச் சொல்லாகிவிட்டது. ஆயிரம் கோடி ரூபாய் பிளான்ட்டும் கம்பெனி, தகரக் கொட்டாயில் ஆணி அடிப்பதும் கம்பெனி.

"பரீட்சைம்மா?"

"அது மார்ச்சிலதானே கீது? எழுதிப்பான் தம்பி. இன்னா, மூணு மாசம் கீதே."

எழுத வந்தான். ஆறு பரீட்சையில் மூன்று எழுதினான். நாலாவதுக்கு வரவில்லை. பேலட் யார்டில்தான் இருக்கிறான் இன்னும். வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்வான். ஜூன் துணைத் தேர்வு எழுதுடா என்று நான் சொல்வதும், "எழுதறேண்ணா" என்று அவன் சொல்வதும் வழக்கமாகிவிட்டது.

அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். டிரெய்னியாக ஆள் எடுக்கும்போது கேட்டில் கேட்பது: வயசு பதினெட்டு, ஆதார், பிளஸ் டூ மார்க்‌ஷீட். ஐ.டி.ஐ. என்றால் டிரேடு சர்டிஃபிகேட், டிப்ளமோ என்றால் அது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக ஒரு விடுதி திறந்தார்களே, 18,720 பேர் தங்குவதற்கு. எங்கெங்கோ தூரத்து மாவட்டங்களிலிருந்து பிளஸ் டூ முடித்த பெண்கள் பெட்டியோடு இங்கே வந்து இறங்குகிறார்கள். ஒரகடத்திலேயே பிறந்த பையன் மார்க்‌ஷீட் இல்லாமல் அந்தக் கேட்டுக்கு வெளியே பெட்டி இறக்குகிறான். நம் ஏரியும் வயலும் போன இடத்தில் கட்டிய கேட் அது. இதற்கு மேல் நான் சொன்னால் அரசியல் ஆகிவிடும்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? முதல் வருஷம் எல்லாரும் செய்வதைச் செய்தோம். ஒரு சனிக்கிழமை அறிவியல் கண்காட்சி. பிளான்ட்டிலிருந்து கழித்துப் போட்ட வால்வு, பேரிங், பல்சக்கரம் எடுத்துப் போனோம். புத்தகத்தில் கோலிக் குண்டை அளப்பதற்குப் பதில் பேரிங் குண்டை அளக்கட்டுமே என்று. ஒரு பிளஸ் ஒன் மாணவி ஸ்குரூ கேஜை எடுத்தாள். குண்டை வைக்கவே இல்லை. சும்மா மூடிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதுல சுழிப்பிழை இருக்கு" என்றாள். எனக்கு அந்த வார்த்தை புரியவில்லை. 'ஜீரோ எரர்' என்றே பதினைந்து வருஷம் சொல்லிப் பழகியவன் நான். பிழை எவ்வளவு, கூட்டணுமா கழிக்கணுமா என்று அவளே எழுதிக் காட்டினாள். என் செக்‌ஷனில் புதிதாகச் சேருகிறவர்களில் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. அவர்கள் டிகிரிக்காரர்கள். நம் கல்லூரிக்காரர்களும் உண்டு, மன்னிக்கவும்.

கண்காட்சி பிரமாதமாக நடந்தது. போட்டோ எடுத்தோம், சங்கத்தின் பேனருக்கு முன்னால் நின்றோம். ஜனவரியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டால், எந்த வருஷமும் போலத்தான். அப்போது அந்த இயற்பியல் டீச்சர் சொன்னார்: "கண்காட்சி முடிஞ்சா பசங்களுக்கும் முடிஞ்சு போச்சு சார். ஜனவரி வரைக்கும் இழுக்கற மாதிரி ஏதாவது வேலை குடுங்க. பாதியில நிக்கணும் அது."

லீவில் ஸ்பெஷல் கிளாஸ் வைக்கலாமா என்றால் கூடாது. அரையாண்டு விடுமுறையில் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது என்று கல்வித்துறையே சொல்கிறது. சரியான உத்தரவு. பிள்ளைகளுக்கு ஓய்வு வேண்டும், வாத்தியார்களுக்கு அதைவிட வேண்டும். அப்படியானால் லீவிலும் ஓடுகிற, ஆனால் வகுப்பு இல்லாத ஒரு வேலை வேண்டும். யோசித்து யோசித்து, கடைசியில் மழையிடமே போய் நின்றோம்.

மழைமானி தெரியுமல்லவா? இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில். கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகினால் புனல். அடி மேடு பள்ளமாக இருக்கும், அதில் சிமென்ட் பால் ஊற்றிச் சமன் செய்ய வேண்டும். பக்கத்தில் ஒரு ஸ்கேல். செலவு இருபது ரூபாய்கூட ஆகாது. வானிலைத் துறை தினமும் காலை 8.30-க்கு மழை அளவு எடுக்கிறது. நம் பிள்ளைகளும் அதே 8.30. ஆளுக்கு ஒரு பாட்டில், ஆளுக்கு ஒரு நோட்டு, அவரவர் வீட்டு மொட்டை மாடியிலோ வேலி ஓரத்திலோ. மரத்தடியில் வைக்கக் கூடாது, ஆடு தட்டிவிடாமல் செங்கல் அண்டக் கொடுக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஊர் ஏரியின் பரப்பைக் கொடுத்தால் எவ்வளவு தண்ணீர் விழுந்தது என்று போடலாம். செம்பரம்பாக்கம் ஏரி நிறைய 3,645 மில்லியன் கன அடி வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள், வாயைப் பிளப்பார்கள்.

இதில் முக்கியமான விஷயம் தேதி. வடகிழக்குப் பருவமழையின் கணக்கு அக்டோபர் 1-ல் தொடங்கி டிசம்பர் 31-ல்தான் முடிகிறது. தமிழ்நாட்டுக்கு அந்த மூன்று மாதச் சராசரி சுமார் 44 சென்டிமீட்டர். அந்தக் கடைசி எட்டு நாள் அளவு லீவில் வருகிறது. அதை எழுதாமல் மொத்தம் போட முடியாது. மொத்தம் போடுவது ஜனவரி 2-ஆம் தேதி, வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் சார்ட்டில். லீவுக்கு முன்னால் அந்தச் சார்ட்டை வரைந்து, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குப் பக்கத்தில் பையன் பெயர், கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டு வந்துவிடுவோம். தொழிற்சாலையில் இப்படி ஒரு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு ஷட்டவுனுக்குப் போனால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மிக்ஜாம் புயலன்று ஒரு பையனுடைய பாட்டில் நிரம்பி வழிந்துவிட்டது. என்ன அளவு எழுதுவது என்று வகுப்பில் பெரிய சண்டை. பக்கத்து ஊர்க்காரன் அளவைப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு கட்சி, அந்த நாளையே விட்டுவிடலாம் என்று ஒரு கட்சி. டீச்சர், "பாட்டில் எவ்வளவு தாங்கும்?" என்று மட்டும் கேட்டார். கடைசியில் "17 செ.மீ.க்குக் குறையாது" என்று எழுதினான். தெரிந்ததை மட்டும் எழுதிய அந்த ஒரு வரியை நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். தணிக்கைக்கு முதல் நாள் காலிக் கட்டங்களை நிரப்புகிற நம் ஆட்களுக்குக் காட்ட உதவும்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். பாட்டில் வைத்தவர்களில் ஏறக்குறைய எல்லாரும் ஜனவரி 2-ஆம் தேதி நோட்டோடு வந்தார்கள். பாட்டிலால்தான் வந்தார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பொறுப்பான பிள்ளைகளே பாட்டிலும் வாங்கியிருக்கலாம். இரண்டு பேர் லீவில் யார்டு வேலைக்கும் போனார்கள், காலையில் எட்டரைக்கு அளவைத் தங்கச்சி எழுதினாள், நோட்டை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். ஒருத்தன் நோட்டை மட்டும் தம்பியிடம் கொடுத்து அனுப்பினான், அவன் வரவில்லை. டீச்சர் சைக்கிள் எடுத்துக்கொண்டு போய் அவனைக் கூட்டி வந்தார். போவதற்கு அவருக்கு ஒரு சாக்கு இருந்தது: "உன் ஊர் கட்டம் காலியா இருக்குடா."

இனி உங்களிடம் கேட்க வந்தது. நன்கொடை வேண்டாம். இன்டராக்டிவ் போர்டு வாங்கித் தர நிறையப் பேர் இருக்கிறார்கள். சங்கத்தின் சார்பில் மே மாதம் நடத்துகிறோமே 'மேற்படிப்பு வழிகாட்டி' நிகழ்ச்சி, அதை டிசம்பர் முதல் வாரத்துக்கு மாற்றுங்கள் என்பது என் முதல் கோரிக்கை. மே மாதம் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்கள் தப்பித்தவர்கள். வழி தெரிய வேண்டியவன் டிசம்பரில்தான் நமக்குக் கிடைப்பான். 2021-லிருந்து அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, கட்டணத்தை அரசே கட்டுகிறது. மேலே படிக்கப் போனால் பெண்களுக்கு 2022-லிருந்து புதுமைப் பெண், பையன்களுக்கு 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன், மாதம் ஆயிரம் ரூபாய். ஒரகடம் அரசு ஐ.டி.ஐ.யிலேயே 2023-ல் ரோபோ, சி.என்.சி. என்று புது மையம் திறந்தார்கள். இதெல்லாம் போஸ்டரில் இருக்கிறது. தன் வகுப்பில் படித்த அண்ணன் ஒருத்தன் நேரில் வந்து சொன்னால்தான் பையன் நம்புகிறான். இந்த அரங்கின் பின்வரிசையில் அந்த 7.5-ல் வந்த தம்பி தங்கைகள் இருப்பீர்கள். எங்களைவிட நீங்கள்தான் வர வேண்டும். எனக்கு வயசாகிவிட்டது, என்னை 'சார்' என்கிறார்கள். அந்தச் சுழிப்பிழைப் பொண்ணு மட்டும்தான் அண்ணா என்றாள்.

இரண்டாவது, இது முன்வரிசைக்கு. நம்மில் பலர் இன்று மேனேஜர்கள். ஷட்டவுன் கான்ட்ராக்டில் கையெழுத்துப் போடுகிறவர்கள் நாம்தான். குடோனும் பேலட்டும் கேன்டீனும் நம் வெண்டர்கள்தான். பாதுகாப்புக் காலணி போட்டானா என்று ஆடிட் போகிறோம், டப்பாவில் லேபிள் நேராக ஒட்டியிருக்கிறதா என்று ஆடிட் போகிறோம். டிசம்பர் கடைசி வாரம் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல், அந்த யார்டுக்குப் போய் வயசுச் சான்று கேளுங்கள். பதினெட்டு ஆனவனாக இருந்தாலும், "நீ பிளஸ் டூவா? ரெண்டாம் தேதி ஸ்கூலுக்குப் போ" என்று கான்ட்ராக்டர் காதில் விழும்படி சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க முடிந்தால் சேருங்கள். என் பிளான்ட்டில் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பர்ச்சேஸ் இன்னும் பதில் சொல்லவில்லை. பர்ச்சேஸ் மேனேஜரும் நம் கல்லூரிதான், இந்த அரங்கில்தான் இருக்கிறார், சிரிக்கிறார், எனக்குத் தெரிகிறது.

மாணவர்களுக்கு: உங்கள் செமஸ்டர் பரீட்சை முடிந்த கையோடு வரும் சனிக்கிழமைகள் போதும். காலை ஒன்பதரைக்குக் கூட்ரோடு பஸ் ஸ்டாப்பில் இருந்தால் நாங்கள் கூட்டிப் போகிறோம். ரெயின்கோட் எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே குடை நிற்காது. லேபிள் உரித்த இரண்டு லிட்டர் பாட்டில் ஆளுக்கு மூன்று கொண்டு வாருங்கள், பக்கம் நேராக இருப்பதாகப் பாருங்கள், இடுப்பு ஒடுங்கிய பாட்டில் அளவுக்கு ஆகாது. பெயர் கொடுக்கிற நோட்டு சாப்பாட்டுக்குப் பிறகு மெக்கானிக்கல் பிளாக் வராந்தாவில் இருக்கும். நானும் அங்கேயே இருப்பேன்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.